மோட்டார் ஓடுதுங்க, தண்ணி வரலீங்க

கிணற்று மேட்டிலிருந்து மெக்கானிக்குக்குப் போகும் புகார்களில் கொங்கு நாட்டில் மிகப் பழகிப்போனது இது: “மோட்டார் ஓடுதுங்க, தண்ணி வரலீங்க.” அனுபவமுள்ள மெக்கானிக் உடனே மோட்டாரைக் கழற்றச் சொல்ல மாட்டார். மூன்று ஃபேஸும் வருகிறதா, மோட்டார் சரியான திசையில் சுற்றுகிறதா, ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா, குழாயில் காற்றுப் புகுந்துவிட்டதா என்று வரிசையாகக் கேட்பார். தண்ணீர் வரும் வழியில் ஒவ்வோர் இணைப்பாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவார்.

கோவை அவிநாசி சாலை அலுவலகங்களிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், பெருந்துறை சிப்காட் ஆலைகளிலும் இதே புகார் இப்போது வேறு சொற்களில் கேட்கிறது. “சர்வர் ஓடுதுங்க, ஆனா பில் போட முடியலீங்க.” நிர்வாகத் திரையில் அந்த சர்வரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் திறக்கவில்லை. வாசலில் லாரி நிற்கிறது. இ-வே பில் இல்லாமல் வண்டி நகர முடியாது.

1937ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்துகாட்டிய ஊர் கோவை. மில்லில் இழை அறுந்தால் எங்கே அறுந்தது, தண்ணீர் நின்றால் எங்கே நின்றது என்று தேடிப் பார்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. கண்ணுக்குத் தெரியாத சர்வர்களிலும் அதே முறைதான் வேலை செய்கிறது.

ஒரே கூரை, பல குடித்தனம்

கண்ணுக்குத் தெரியாத சர்வர் என்றால் என்ன? பெரிய இரும்புப் பெட்டி ஒன்று. அதற்குள் ஐந்து, பத்து கணினிகள் இருப்பதுபோல ஒரு மென்பொருள் பிரித்துக் கொடுக்கிறது. ஒன்றில் கணக்கு மென்பொருள், இன்னொன்றில் வருகைப்பதிவு, மற்றொன்றில் மின்னஞ்சல். ஒவ்வொன்றும் தான் தனிக் கணினி என்றே நம்பிக்கொண்டு ஓடுகிறது. இவற்றைத்தான் மெய்நிகர் கணினிகள் என்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக விஎம் என்பார்கள். பெட்டியைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். பெட்டி ஹோஸ்ட், உள்ளே ஓடும் விஎம் கெஸ்ட்.

மில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடித்தனங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனி அடுப்பு. ஆனால் மின்சாரம் வருவது ஒரு மெயினிலிருந்து. தண்ணீர் வருவது ஒரு தொட்டியிலிருந்து. வாசல் தெரு எல்லாருக்கும் பொது. ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் அது அந்த வீட்டு ஃபியூஸா, பொது மெயினா, தெருக் கம்பமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விஎம் கோளாறுகளும் இப்படித்தான்.

இந்தத் தொழில்நுட்பம் நேற்று வந்ததல்ல. ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்காக விஎம்/370 என்ற மென்பொருளை வெளியிட்டது 1972ல். சாதாரண சர்வர்களுக்கு இதைக் கொண்டுவந்தது 1998ல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம். 2007ல் கேவிஎம் என்ற இலவச மென்பொருள் லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அதன்பின் சிறிய நிறுவனங்களும் செலவில்லாமல் இதைப் பயன்படுத்த முடிந்தது.

முன்வாசலும் கொல்லைக் கதவும்

ஒரு விஎம்முக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி நெட்வொர்க். தினமும் எல்லாரும் பயன்படுத்தும் முன்வாசல் அது. கணக்காளர் மென்பொருளைத் திறப்பதும், சிஸ்டம் அட்மின் ரிமோட் டெஸ்க்டாப்பிலோ எஸ்எஸ்எச்சிலோ நுழைவதும் அந்த வழியாகத்தான்.

இரண்டாவது வழி கன்சோல். நிஜக் கணினி என்றால் அதன் மானிட்டருக்கு எதிரே உட்கார்ந்து, கீபோர்டைத் தட்டுவதுதான் கன்சோல். விஎம்முக்கு மானிட்டர் இல்லை. அதனால் ஹைப்பர்வைசரே ஒரு பொய் மானிட்டரையும் பொய் கீபோர்டையும் கொடுத்து, அந்தத் திரையை நிர்வாகியின் கணினியில் காட்டுகிறது. விஎம்முக்குள் நெட்வொர்க் முழுதும் செத்துப்போயிருந்தாலும் கன்சோல் தெரியும். ஏனென்றால் அது விஎம்மின் நெட்வொர்க்கைத் தொடாமல் ஹோஸ்ட் வழியாக வருகிறது. அதுதான் கொல்லைக் கதவு.

முன்வாசல் அடைத்துக்கொண்டால் கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சரிசெய்யலாம். கொல்லைக் கதவும் துருப்பிடித்திருந்தால்? அந்த நாள் உலகம் முழுக்க வந்தது.

2024 ஜூலை 19, காலை 9:39

அன்று வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறு புதுப்பிப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. அதைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன; மறுபடி தொடங்கின; மறுபடி நீலத் திரையில் நின்றன. 10:57க்கு நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. 78 நிமிடங்கள்தான். அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

மருந்து எளிமையானது. கணினியை சேஃப் மோடில் தொடங்கி, ஒரே ஒரு கோப்பை அழித்தால் போதும். மேசை மேல் இருக்கும் கணினி என்றால் எதிரே போய் உட்கார்ந்து செய்துவிடலாம். தொலைவில், கிளவுடில் ஓடிய விஎம்களில்தான் சிக்கல். பெரும்பாலும் நெட்வொர்க் எழும் முன்பே விண்டோஸ் விழுந்துவிடுகிறது. எனவே முன்வாசல் இல்லை. பல இடங்களில் கீபோர்டைத் தட்டி சேஃப் மோடுக்குப் போகும் வசதியுள்ள கன்சோலும் இல்லை.

அப்போது அட்மின்கள் செய்தது அறுவைச் சிகிச்சை போன்றது. விழுந்த விஎம்மின் வட்டைக் கழற்றி, நன்றாக ஓடும் இன்னொரு விஎம்மில் இரண்டாவது வட்டாக மாட்டி, அங்கிருந்து கோப்பை அழித்து, மறுபடி பழைய இடத்தில் பொருத்தினார்கள். ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் இருந்தவர்கள் சனி, ஞாயிறு முழுக்க இதையே செய்தார்கள். சில விஎம்களைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பார்க்கும்படியும் மைக்ரோசாஃப்ட் சொன்னது. பதினைந்து முறை வரைகூடத் தேவைப்படலாம் என்றது. ஒவ்வொரு தொடக்கத்திலும், விழுவதற்கு முன் கிடைக்கும் சில நொடிகளில் நெட்வொர்க் எழுந்துவிட்டால், திருத்திய கோப்பு வந்து சேர்ந்துவிடும் என்பதே கணக்கு.

2021 அக்டோபர் 4ல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியதும் இதே பாடத்தின் இன்னொரு பக்கம். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. சரிசெய்ய உதவும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. கடைசியில் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று.

கருப்புத் திரை சொல்லும் சேதி

கோவை சர்வர் அறைக்குத் திரும்புவோம். பில் போட முடியவில்லை என்று போன் வந்ததும் அனுபவமுள்ள அட்மின் முதலில் கன்சோலைத் திறக்கிறார். அங்கே என்ன தெரிகிறது என்பதில் பாதிப் பதில் இருக்கிறது.

லாகின் திரை வழக்கம்போல் தெரிந்தால் விஎம் நலமாக இருக்கிறது, குறை பெரும்பாலும் நெட்வொர்க்கில். வட்டைச் சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கையோ, எமர்ஜென்சி மோட் என்ற அறிவிப்போ தெரிந்தால் உள்ளே இயங்குதளமே பாதி வழியில் நிற்கிறது. நெட்வொர்க்கில் தேடிப் பயனில்லை. மின்சாரம் சட்டென்று போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்ட மறுநாள் காலையில் இந்தக் காட்சி அதிகம். 2012ல் நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டிய மின்வெட்டைப் பார்த்த கோவை, திருப்பூர் அட்மின்களுக்கு இது மனப்பாடம்.

படம் அப்படியே உறைந்து நின்றால் ஹோஸ்டின் வட்டைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் எல்லா விஎம்களுக்கும் சேர்த்து, உள்ளதைவிட அதிக இடத்தை ஏட்டளவில் ஒதுக்கியிருப்பார்கள். 2 டெராபைட் வட்டை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கும் தலைக்கு 1 டெராபைட் என்று வாக்குக் கொடுப்பது போன்றது இது. எல்லாரும் உண்மையிலேயே கேட்கும் நாளில் வட்டு நிரம்பும். எழுத இடமில்லாததால் கேவிஎம் அந்த விஎம்மை அப்படியே நிறுத்தி வைத்துவிடும். விஎம்மின் ஒரு நேரத்து நிலையை என்றோ பதித்துவைத்து, அழிக்க மறந்த ஸ்னாப்ஷாட்டுகள் வளர்ந்து வளர்ந்து இடத்தை விழுங்குவதும் உண்டு. விஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் இது தீராது. முதலில் இடம் காலிசெய்ய வேண்டும்.

கன்சோல் வெறும் கருப்பாக இருந்தால் பயப்படும் முன் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். திரை தூங்கியிருக்கலாம். எழவில்லையென்றால், விஎம் தன் செய்திகளை வேறு திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். கன்சோலில் இரண்டு வகை: படத்தைக் காட்டும் கிராஃபிக்ஸ் கன்சோல், வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும் சீரியல் கன்சோல். லினக்ஸ் விஎம்மின் சீரியல் கன்சோலில் நுழைந்தால், இணைந்துவிட்டதாக ஒரு வரி வந்து, அதற்குப் பின் எதுவுமே வராமல் நிற்பது மிகப் பொதுவான குறை. கம்பி சரிதான், மறுமுனையில் பேசத்தான் ஆளில்லை. சீரியல் போர்ட்டிலும் செய்தி எழுது, அங்கேயும் லாகின் கேள் என்று விஎம்முக்குள் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

கன்சோல் ஜன்னலே திறக்காவிட்டால் குறை விஎம்மில் இல்லை. நிர்வாகியின் கணினிக்கும் ஹோஸ்டுக்கும் இடையில் இருக்கிறது. விஎம்வேரில் மேலாண்மை சர்வரின் பக்கம் அழகாகத் திறக்கும். கன்சோலை அழுத்தினால் மட்டும் இணைக்க முடியவில்லை என்று வரும். கன்சோலின் படம் மேலாண்மை சர்வரிலிருந்து வராமல், விஎம் ஓடும் ஹோஸ்டிலிருந்து நேரே வருவதுதான் பல சமயம் காரணம். அந்த ஹோஸ்டின் பெயர் நிர்வாகியின் கணினிக்குத் தெரியாமல் இருக்கலாம். அல்லது 902 என்ற போர்ட்டை ஃபயர்வால் மறித்திருக்கலாம்.

கேவிஎம்மில் கன்சோல் படம் விஎன்சி என்ற முறையில் 5900இல் தொடங்கும் போர்ட்டுகள் வழியாக வருகிறது. பாதுகாப்புக்காக அது ஹோஸ்டுக்குள் மட்டும் கேட்கும்படி அமைத்திருப்பார்கள். வெளியிலிருந்து இணைக்க முடியவில்லை என்ற அவசரத்தில் அதை எல்லாருக்கும் திறந்துவிடுவது ஆபத்து. கடவுச்சொல் இல்லாத விஎன்சி, கொல்லைக் கதவைத் தெருவுக்கே திறந்து வைப்பதற்குச் சமம். எஸ்எஸ்எச் வழியாக ஒரு சுரங்கம் அமைத்து அதற்குள் போவதே முறை.

கடவுச்சொல் சரியாக அடித்தும் ஏற்கவில்லை என்ற புகாருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கடவுச்சொல்லை முதலில் பயனர்பெயர் கேட்கும் இடத்தில் தட்டிப் பார்ப்பது. அங்கே எழுத்து மறையாது. விஎம் பிரிட்டிஷ் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருந்தால், அட் குறியைத் தட்டினால் மேற்கோள் குறி விழும். பார்த்த பின் நினைவாக அழித்துவிட வேண்டும்.

குழாயில் கையை வைத்துப் பார்த்தல்

கன்சோலில் லாகின் திரை தெரிகிறது, உள்ளேயும் போயாயிற்று. இனி நெட்வொர்க். கணக்கு மென்பொருளின் பதில் கணக்காளரின் மேசைக்கு வந்துசேர ஏழெட்டு இணைப்புகளைத் தாண்ட வேண்டும். விஎம்முக்குள் இருக்கும் மென்பொருள், விஎம்மின் பொய் நெட்வொர்க் கார்டு, ஹோஸ்டுக்குள் இருக்கும் பொய் ஸ்விட்ச், ஹோஸ்டின் நிஜ கார்டு, கேபிள், சுவரோரம் இருக்கும் நிஜ ஸ்விட்ச், அதன்பின் ரூட்டர். பொய் ஸ்விட்சை பிரிட்ஜ் என்பார்கள். லைன் வீட்டின் பொது வாசல் அது.

முதல் கேள்வி, விஎம்முக்கு ஐபி முகவரி இருக்கிறதா? 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரை அது எட்டவேயில்லை என்று பொருள். கேட்டுப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் தானே ஒரு முகவரியைச் சூடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் குறை கீழே, பிரிட்ஜிலோ கேபிளிலோ இருக்கிறது.

முகவரி சரியாக இருந்தால் பிங் (இருக்கிறாயா என்று குரல் கொடுப்பது) செய்து பார்ப்பது அடுத்த படி. முதலில் ரூட்டரை. அது பதில் சொன்னால் வெளியுலகில் ஓர் எண்ணை, எடுத்துக்காட்டாக 8.8.8.8ஐ. அதுவும் பதில் சொன்னால் ஓர் இணையதளத்தின் பெயரை. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் குறை பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்சில். ஆனால் பிங்குக்குப் பதில் இல்லை என்பதாலேயே எதிரில் இருப்பது செத்துவிட்டதாக முடிவு கட்டக்கூடாது. விண்டோஸின் ஃபயர்வால் பல அமைப்புகளில் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கும். மற்ற வேலைகள் நடந்துகொண்டிருக்கும்.

இன்னும் பிடிபடவில்லையென்றால் டிசிபிடம்ப் என்ற கருவி வருகிறது. மெக்கானிக் குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் கையை வைத்துத் தண்ணீரின் அதிர்வைப் பார்ப்பதுபோல, இது கடந்துபோகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் காட்டும். விஎம்மின் வாயில், பிரிட்ஜில், நிஜ கார்டில் என்று மூன்று இடங்களில் இதை ஓட்டினால் போதும். விஎம் வாயில் பொட்டலம் தெரிந்து நிஜ கார்டில் தெரியாவிட்டால் ஹோஸ்டின் பிரிட்ஜையோ ஃபயர்வாலையோ பார்க்க வேண்டும். நிஜ கார்டு வரை போய்த் திரும்பி வராவிட்டால் குறை வெளியே, ஸ்விட்சிலோ அதற்கு அப்பாலோ.

ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு முகம் உண்டு. ஹோஸ்டில் புதிதாக டாக்கர் என்ற மென்பொருளை நிறுவிய மறுநாள் விஎம்கள் ஊமையானால், டாக்கர் தன் பாதுகாப்புக்காக ஹோஸ்ட் வழியே கடந்துபோகும் போக்குவரத்தை மறிக்கும் விதியைப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு விஎம் மட்டும் எதையும் எட்டவில்லையென்றால் ஒரே கேபிளில் ஓடும் நெட்வொர்க்குகளைப் பிரித்துக்காட்டும் அதன் விலான் எண்ணும் நிஜ ஸ்விட்சில் அனுமதித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில ஸ்விட்சுகளில் ஒரு போர்ட்டில் ஒரு கணினிதான் என்ற கட்டுப்பாடு இருக்கும். ஒரே கேபிளில் பத்து விஎம்களின் அடையாளம் வருவதைப் பார்த்ததும் போர்ட்டையே மூடிவிடும்.

இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தால் இரண்டு விஎம்களுக்கு ஒரே முகவரி இருக்கலாம். ஒரு விஎம்மை அச்சாக நகலெடுத்து இன்னொன்றாக ஓட்டும்போது இது நடக்கிறது. சில லினக்ஸ் பதிப்புகளில் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை மாற்றியும் குறை தீராது. வட்டுக்குள் இருக்கும் இயந்திர அடையாளக் கோப்பும் நகலாகிவிடுவதால், டிஎச்சிபி சர்வர் இருவரையும் ஒருவரென்றே நினைத்து ஒரே முகவரியைக் கொடுத்துவிடுகிறது.

இன்னொன்று, சின்னக் கோப்பு வருகிறது, பெரியது பாதியில் நிற்கிறது என்ற புகார். பொட்டலத்தின் அளவு பொருந்தாதபோது வருவது அது. அலுவலக நெட்வொர்க்கில் ஒரு பொட்டலம் 1,500 பைட் வரை போகலாம். வீட்டுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வரும் பல ஃபைபர் இணைப்புகளில் 1,492தான் நுழையும். பிங் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும். அந்த எட்டு பைட் வித்தியாசத்தால் இன்வாய்ஸ் பிடிஎஃப் மட்டும் இறங்காது.

10.0.2.15 என்னும் குழப்பம்

பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி வரை, இந்தப் பகுதியின் பொறியியல் மாணவர்கள் விஎம்மை முதன்முதலில் தொடுவது பெரும்பாலும் தங்கள் லேப்டாப்பில், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில். இரண்டு விஎம் உருவாக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றை பிங் செய் என்பது முதல் பாடம். இரண்டிலும் முகவரியைப் பார்த்தால் 10.0.2.15 என்றே இருக்கும். இரண்டும் இணையத்துக்குப் போகும். ஒன்றையொன்று காணாது.

மாணவர் எதையும் தப்பாகச் செய்துவிடவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் தானாக அமைக்கும் நாட் முறை அப்படிப்பட்டது. ஒவ்வொரு விஎம்மையும் தனித்தனிக் கூண்டில் வைத்து, வெளியே போக மட்டும் வழிவிடுகிறது. அமைப்பில் நாட் நெட்வொர்க் அல்லது ஹோஸ்ட்-ஒன்லி என்று மாற்றினால் இரண்டும் பேசிக்கொள்ளும். கேவிஎம்மில் 192.168.122 என்று தொடங்கும் முகவரி இருந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்: விஎம் வெளியே போகும், பக்கத்து மேசை நண்பரால் அதற்குள் வர முடியாது. வெளியாட்கள் வரவேண்டிய சர்வர் என்றால் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும்.

விடுதி வைஃபையில் பிரிட்ஜ் முறை பல சமயம் கைகொடுக்காமல் போவதற்கும் காரணம் உண்டு. வைஃபை ரூட்டர், தன்னிடம் பதிவு செய்த ஒரு கார்டின் அடையாளத்தை மட்டுமே ஏற்கும். அதே கார்டு வழியாக இன்னொரு முகம் வந்தால் மறுத்துவிடும். ஒரு லேன் கேபிளைச் செருகினால் விலகும் சிக்கலுக்காக இரவு முழுக்க விழித்திருந்த மாணவர்கள் உண்டு.

வீடு மாறும்போது

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு முறை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தா மட்டும்தான் என்றாகிவிட்டது. உலகம் முழுக்கச் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் மாற்று தேடத் தொடங்கின. ஆஸ்திரியாவின் வியன்னாவில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸ் அவர்களில் பலருக்குக் கைகொடுத்தது. 2008ல் வெளிவந்த அது கேவிஎம்மின் மேல் கட்டப்பட்டது, மூலநிரல் திறந்தது. சந்தா கட்டுவது தொழில்நுட்ப உதவி வேண்டுவோரின் விருப்பம்.

வீடு மாறும்போது சாமான் உடைவதுபோல, இந்த மாற்றத்திலும் உடைவது பெரும்பாலும் நெட்வொர்க்தான். விஎம்வேரில் இருந்தவரை லினக்ஸ் தன் நெட்வொர்க் கார்டை இஎன்எஸ்192 என்ற பெயரில் அழைத்திருக்கும். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு வந்ததும் அதே கார்டு இஎன்எஸ்18 ஆகிவிடும். அமைப்புக் கோப்பில் இருப்பதோ பழைய பெயர். விஎம் நன்றாக எழுந்து நிற்கும். பச்சை விளக்கு எரியும். முகவரி மட்டும் இருக்காது. கன்சோலில் நுழைந்து ஒரு வரியில் பெயரை மாற்றினால் இரண்டே நிமிடத்தில் வேலை முடியும். கன்சோல் கடவுச்சொல் யாருக்கும் தெரியாவிட்டால் அரை நாள் போகும்.

விண்டோஸில் இது வேறு வேடத்தில் வரும். புதிய கார்டுக்குப் பழைய முகவரியைக் கொடுத்தால், இந்த முகவரி இப்போது இல்லாத இன்னொரு கார்டுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுள்ளது என்று எச்சரிக்கும். விஎம்வேரின் பழைய கார்டு ஆவியாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் அந்தக் கார்டை நீக்கிவிட்டால் முகவரி விடுபடும். புதிய கார்டைக் கண்டதும் இது பொது இடம் போலிருக்கிறது என்று நினைத்து விண்டோஸ் ஃபயர்வாலை இறுக்கிக்கொள்வதும் உண்டு; அதை பிரைவேட் நெட்வொர்க் என்று மாற்றிவிட வேண்டும்.

கேவிஎம்மின் வேகமான கார்டுக்கும் வட்டுக்கும் விர்ட்ஐஓ என்ற டிரைவர் தேவை. லினக்ஸில் அது கூடவே வரும். விண்டோஸில் தனியாக நிறுவ வேண்டும். வட்டு டிரைவர் இல்லாமல் மாற்றினால் தொடக்கத்திலேயே நீலத் திரை. அனுபவசாலிகள் பழைய இடத்தில் விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவரை நிறுவிவிடுகிறார்கள். மறந்துவிட்டால், முதல் சில நாட்களுக்கு வட்டை சாட்டா என்றும் கார்டை இ1000 என்றும் பழைய வகையில் அமைத்து எழுப்பி, பிறகு டிரைவரை ஏற்றி மாற்றுகிறார்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு தாள்

தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியின் உட்பக்கத்தில் மெக்கானிக்கின் எண்ணும், போர் ஆழமும், மோட்டார் இறக்கிய தேதியும் எழுதி ஒட்டியிருக்கும். அத்தகைய ஒரு தாள் சர்வர் ரேக்கின் கதவிலும் வேண்டும். எந்த விஎம் எந்த ஹோஸ்டில் இருக்கிறது, அதன் முகவரி, விலான் எண், ரூட்டர் முகவரி, எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். கார்டின் அடையாள எண்ணையும் குறித்துவைப்பது நல்லது. 52:54:00 என்று தொடங்கினால் கேவிஎம், 00:50:56 என்றால் விஎம்வேர் என்று நெட்வொர்க்கில் திரியும் முகமறியாத கணினியின் ஊரைக்கூட அதைக் கொண்டு சொல்லிவிடலாம். இவையெல்லாம் ஒரு விஎம்முக்குள் மட்டும் சேமிக்கப்பட்டிருந்து, அந்த விஎம்மே விழுந்த இடங்கள் இருக்கின்றன. காகிதத்துக்கு நெட்வொர்க் தேவையில்லை.

கடவுச்சொற்கள் மட்டும் அந்தத் தாளில் வரக்கூடாது. கன்சோலில் நுழைய ஒவ்வொரு விஎம்மிலும் ஓர் உள்ளூர்க் கணக்கு வேண்டும். அதன் கடவுச்சொல் மூடி முத்திரையிட்ட உறையில், நிர்வாக மேசையின் பூட்டிய இழுப்பறையில் இருக்கலாம். சாவிக்கோப்பால் மட்டுமே நுழையும்படி அமைத்த கிளவுட் விஎம்களில் இது மிக முக்கியம். அமேசான் தன் கிளவுடில் சீரியல் கன்சோலைத் திறந்துவிட்டது 2021ல்தான். அது திறந்தாலும், கடவுச்சொல் உள்ள கணக்கு ஒன்றுகூட இல்லாத லினக்ஸ் விஎம், லாகின் கேட்டுவிட்டு யாரையும் உள்ளே விடாது.

ஹோஸ்டே விழுந்தால் என்ன செய்வது? டெல் சர்வர்களில் ஐடிராக், எச்பி சர்வர்களில் ஐஎல்ஓ என்று தனியாக ஒரு சிறு கணினி பொருத்தியிருக்கிறார்கள். சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். ஹோஸ்டின் திரையைத் தொலைவிலிருந்து காட்டும். பல இடங்களில் சர்வர் வாங்கிய நாளிலிருந்து அந்தப் போர்ட்டில் கேபிளே செருகப்பட்டிருக்காது. மூன்று மீட்டர் கேபிளும் ஒரு முகவரியும் கொடுத்தால், பாதி ராத்திரியில் கோவைக்குள்ளேயே கணபதியிலிருந்து குறிச்சிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்காது. அந்தக் கேபிள் அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்த தனி வழியில் இருந்தால், 2021ல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் மாட்டிக்கொண்டது போன்ற நிலை வராது.

நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது தன் கதவைத் தானே தாழிட்டுக்கொள்வதுதான் அட்மின்களுக்கு அடிக்கடி நேர்வது. அதற்கு உபுண்டு லினக்ஸில் நெட்பிளான் ட்ரை என்று ஒரு கட்டளை இருக்கிறது. புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 நொடிகள் காத்திருக்கும். அதற்குள் சரி என்று விசையைத் தட்டாவிட்டால், நிர்வாகி வெளியே தள்ளப்பட்டுவிட்டார் என்று புரிந்துகொண்டு பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

மாதத்துக்கு ஒரு நாள், எல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே, ஒவ்வொரு விஎம்மின் கன்சோலையும் திறந்து, உள்ளே நுழைந்து, வெளியே வந்து பார்க்கும் வழக்கத்தைச் சில அட்மின்கள் கடைப்பிடிக்கிறார்கள். ஜெனரேட்டரை வாரம் ஒரு முறை சும்மா ஓட்டிப் பார்க்கும் மில் எலக்ட்ரீஷியன்களிடம் கற்றது போன்ற பழக்கம். பத்து விஎம்முக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிட்ட இடத்தில், திங்கட்கிழமைக் காலையில் “பில் போட முடியலீங்க” என்று போன் வரும்போது, பதில் பதற்றமாக வருவதில்லை. “இருங்க அக்கா, கன்சோல்ல என்ன தெரியுதுன்னு பார்த்துச் சொல்றனுங்க” என்கிறார் அட்மின். வாசலில் லாரி டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் இ-வே பில் வந்துவிடுகிறது.